ஆறு மாதப் படிப்பும் அதன் விலையும்

கொல்கத்தாவின் தென்பகுதியில் ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் நாற்சந்தியை அறியாத தமிழர் அந்நகரில் இருத்தல் அரிது. மேற்கே சிறிது தூரத்தில் லேக் மார்க்கெட். அங்கே காப்பிப் பொடியும் வாழையிலையும் பூச்சரமும் கிடைக்கும். கரியாஹாட்டிலோ புடவைக் கடைகளும் நடைபாதை வியாபாரிகளும் நிறைந்திருப்பர். வங்காள ஆண்டு முடிவடையும் சைத்ர மாதத்தில் அங்கு நடைபெறும் தள்ளுபடி விற்பனை பெயர்பெற்றது. நம்மவர் வீட்டுப் பெண்மணி ஒருவர் அங்கே புடவை வாங்கும் காட்சியைக் கவனித்தால் ஒரு பாடமே கற்கலாம். புடவையை முழுவதும் பிரிப்பார். கரையைத் தடவிப் பார்ப்பார். சாயம் போகுமா என்று கேட்பார். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்பார். கடைக்காரர் இணங்காவிட்டால் நான்கடி நடந்தும் காட்டுவார். எண்ணூறு ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை ஆராய்ச்சி!

அதே வீட்டுப் பிள்ளை, தொலைபேசியில் பேசிய ஒருவரின் சொல்லை நம்பி, மூன்று இலட்சம் ரூபாய்க்கான ஒப்பந்தத்தில் கால்மணி நேரத்திற்குள் கையொப்பமிட முனைகிறார். இன்றிரவு பன்னிரண்டு மணிக்குள் சேர்ந்தால்தான் சலுகை உண்டு என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பொருள் புடவையன்று, ஒரு படிப்பு. 'கோடிங் பூட்கேம்ப்' என்று அதற்குப் பெயர்.

அண்மையில் கரியாஹாட்டை அடுத்து வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்து இளைஞர் இக்கேள்வியோடு நம்மிடம் வந்தார். வயது 27. வணிகவியல் பட்டதாரி. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 28,000 ரூபாய்ச் சம்பளம். தந்தை ஓய்வு பெற்றவர். தங்கை கல்லூரியில் படிக்கிறாள். ஆறு மாத முழுநேரப் பயிற்சியில் சேர்வதானால் இப்போதைய வேலையை விட்டுவிடவேண்டும். "சேரலாமா சார், வேண்டாமா?" என்று கேட்டார். அவர் கேட்டது தமக்காக எனினும், டில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் பிலாயிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இதே கேள்வி இன்று எழுந்துகொண்டிருக்கிறது. ஆதலின் அவரோடு சேர்ந்து நாம் ஆராய்ந்த முறையை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் இப்படிப்பு யாது என்பதைப் பார்ப்போம். கணிப்பொறி செய்யவேண்டிய வேலையை அதற்கு விளங்கும் மொழியில், படிப்படியான கட்டளைகளாக எழுதித் தருவதே நிரல் எழுதுதல். அதையே கோடிங் என்கிறார்கள். 'பூட்கேம்ப்' என்பது அமெரிக்கப் படைகளில் புதிதாய்ச் சேர்ந்தவரைச் சில வாரங்களில் கடுமையாகப் பழக்கும் முகாமின் பெயர். பட்டப் படிப்பு மூன்று நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்வதைப் போலன்றி, வேலைக்கு உடனடியாக வேண்டியதை மட்டும் சில மாதங்களில் நாள்முழுதும் பயிற்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது. 2012-ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரில் 'டெவ் பூட்கேம்ப்' என்னும் பள்ளி தொடங்கியது. இவ்வகைப் பள்ளிகளுக்கு அது ஒரு முன்னோடி. சில ஆண்டுகளுக்குள் இம்முறை நம் நாட்டிற்கும் வந்தது. இன்று இவற்றிற் பல, வகுப்பறையின்றி இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே கரியாஹாட்டில் ஒரு மாடி அறையில் அமர்ந்துகொண்டே பெங்களூர்ப் பள்ளி ஒன்றில் சேர்ந்துவிட முடிகிறது.

குறுகிய காலப் பயிற்சியால் பிழைப்புத் தேடுதல் நம்மவர்க்குப் புதிதன்று. லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய தமிழரிற் பலரை இந்நகருக்கு அழைத்துவந்தது எது? அந்நாளைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்தான். தஞ்சையிலோ பாலக்காட்டிலோ திருநெல்வேலியிலோ ஒரு தெருவின் மாடியில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, 'லோயர்', 'ஹையர்' என்ற இரு சான்றிதழ்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயிலேறியவர்களே பின்னர் மத்திய அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் நிலைபெற்றனர். ஆறு மாதம், ஓராண்டுப் பயிற்சி ஒரு குடும்பத்தின் விதியையே மாற்றும் என்பதற்கு நம் பாட்டனாரும் தந்தையாருமே சான்று. ஆகையால் குறுகிய படிப்பு என்றவுடனே அதனை இகழ்வது நமக்குப் பொருந்தாது.

ஆனால் அந்தப் பழைய பயிற்சியின் அமைப்பைச் சற்று உற்று நோக்கவேண்டும். அங்கே கட்டணம் மாதந்தோறும் கட்டப்பட்டது. பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே நின்றுவிடலாம். பயிற்சி காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம். அதற்காக எவரும் படிப்பையோ உத்தியோகத்தையோ விடவேண்டியதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, கற்பித்தவர் தேர்வு வைக்கவில்லை. தேர்வு வைத்தது அரசாங்கம். இன்றும் தமிழ்நாட்டில் தட்டெழுத்து, சுருக்கெழுத்துத் தேர்வுகளை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககமே. மாணவனின் விரல்வேகத்தை அளந்தவர் அவனிடம் கட்டணம் வாங்கியவர் அல்லர். ஆகவேதான் அச்சான்றிதழைக் கல்கத்தாவில் இருந்த முன்பின் அறியாத மேலதிகாரியும் நம்பினார்.

இதிலிருந்து இரண்டு கேள்விகள் கிடைக்கின்றன. ஒன்று: தேர்வு வைப்பவர் யார்? மற்றொன்று: முயற்சி பலிக்காவிட்டால் நட்டம் யாருடையது? எந்தக் குறுகிய காலப் பயிற்சியையும் இவ்விரு கேள்விகளைக் கொண்டு எடைபோட்டுவிடலாம் என்பது நம் கருத்து.

கணிப்பொறியும் கொல்கத்தாவுக்குப் பழைய விருந்தாளியே. இந்தியாவின் முதல் டிஜிட்டல் மின்னணுக் கணிப்பொறி இந்நகரின் வடபகுதியில், பராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதன் பெயர் எச்.இ.சி. 2எம். அதனை நிறுவி இயக்கப் பழகுவதற்காக நிறுவனம் தன் ஊழியர்களை அந்நாட்டிற்கு அனுப்பியது. பின்னர் அந்நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய 'இசிஜு-1' என்னும் கணிப்பொறி 1966-இல் இயங்கத் தொடங்கியது. கரியாஹாட்டிலிருந்து தெற்கே சிறிது தூரத்திலேயே ஜாதவ்பூர் இருக்கிறது. அதே காலத்தில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவில் கணிப்பொறி நிறுவ முனைந்தபோது, வேலை போய்விடும் என்று அஞ்சிய ஊழியர்கள் இலாகோ மாளிகையின் முன் இரவும் பகலும் காவலிருந்து அதனைத் தடுத்தார்கள். ஒரே இயந்திரம் சிலருக்கு வாழ்வாகவும் சிலருக்கு அச்சமாகவும் தோன்றியதை இந்நகரம் அன்றே கண்டுவிட்டது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: தொடக்க நாளில் இக்கலையைக் கற்றவர்களைப் பழகிவர அனுப்பியது நிறுவனமே. இன்று கற்பதன் செலவு, சம்பளமில்லாத மாணவனின் தோளுக்கு வந்திருக்கிறது.

இனி முதற்கேள்விக்கு வருவோம். பூட்கேம்ப்களிற் பெரும்பாலானவற்றில் பாடம் நடத்துபவரும், தேர்வு வைப்பவரும், தேர்ச்சி விகிதத்தை விளம்பரம் செய்பவரும் ஒருவரே. "எங்களிடம் பயின்றவர்களில் 90 சதவீதத்தினர் வேலை பெற்றனர்" என்ற விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். பொய்யே சொல்லாமல் இந்த எண்ணை உண்டாக்க முடியும். ஒரு கணக்குப் பார்ப்போம். 200 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் 120 பேரே இறுதிவரை பயின்றனர். வருகைப் பதிவு, உள்தேர்வு மதிப்பெண் முதலிய நிபந்தனைகளை நிறைவு செய்து 'தகுதி பெற்றோர்' ஆனவர் 80 பேர். அவர்களில் 72 பேருக்கு வேலை கிடைத்தது. எண்பதில் எழுபத்திரண்டு 90 சதவீதம்தான். ஆனால் சேர்ந்த இருநூறில் அது 36 சதவீதம். சேரப்போகும் நம் பிள்ளை அந்த எண்பதில் ஒருவன் அல்லன், இருநூறில் ஒருவன். மேலும் 'வேலை' என்று கணக்கிடப்பட்டது எது? மூன்று மாதப் பழகுநர் பணியா, நிலையான உத்தியோகமா, அப்பள்ளியே தந்த துணையாசிரியர் வேலையா? இவற்றையெல்லாம் கேட்டறியாமல் எண்ணை மட்டும் நம்புவது, பிரித்துப் பாராத புடவையை வாங்குவது போன்றது.

இஃது வெறும் ஐயம் அன்று. அமெரிக்காவில் 2017-இல் தொடங்கிய 'லாம்டா ஸ்கூல்' என்னும் பள்ளி, பின்னர் 'புளூம்டெக்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. "இப்போது பணம் வேண்டாம், சம்பாதித்த பின் தந்தால் போதும்" என்பது அதன் முழக்கம். வேலை கிடைத்தபின், வரிக்கு முந்திய சம்பளத்தில் 17 சதவீதம் வீதம் 24 தவணைகள், அல்லது மொத்தம் 30,000 டாலர் வரை, மாணவர் செலுத்தவேண்டும். அந்நாட்டு அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புத் துறை 2024 ஏப்ரலில் அப்பள்ளியின்மீது ஆணை பிறப்பித்தது. வேலை பெற்றோர் 71 முதல் 86 சதவீதம் என்று வெளியே விளம்பரம் செய்த அப்பள்ளி, முதலீட்டாளருக்குத் தந்த கணக்கில் அது 50 சதவீதத்தை ஒட்டியே இருந்ததென்றும், சில பிரிவுகளில் 30 சதவீதம் வரை தாழ்ந்ததென்றும் அத்துறை கண்டறிந்தது. கடன் அன்று என்று சொல்லப்பட்ட ஏற்பாடு உண்மையில் கடனே என்றும், ஒவ்வொன்றிலும் சராசரி 4,000 டாலர் அளவுக்கு நிதிச் செலவு மறைந்திருந்ததென்றும் கூறியது. மாணவன் வென்றால்தான் பள்ளிக்கும் வரவு என்று சொல்லப்பட்டபோதிலும், அக்கடன்களிற் பல முதலீட்டாளருக்கு முன்னரே விற்கப்பட்டிருந்தன. நட்டத்தைத் தாங்குவதாகச் சொன்னவர் அதனை வேறொருவர் கைக்கு மாற்றிவிட்டார். மாணவர்களுக்குக் கடன் வழங்குவதிலிருந்து அப்பள்ளி நிரந்தரமாக விலக்கப்பட்டது. முன்னோடியான டெவ் பூட்கேம்ப் 2017-ஆம் ஆண்டின் இறுதியிலேயே மூடப்பட்டுவிட்டது. பல பல்கலைக்கழகங்களின் பெயரில் இத்தகைய பயிற்சிகளை நடத்திவந்த 'டூயூ' என்னும் பெரிய நிறுவனமும் 2024 டிசம்பரில் அவற்றைக் கைவிடுவதாக அறிவித்தது.

இரண்டாவது கேள்வி நட்டத்தைப் பற்றியது. நம் நாட்டில் கட்டணம் பெரும்பாலும் தவணைக் கடனாகவே அமைகிறது. இளைஞர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. கடன் தருவது பள்ளியன்று. வேறொரு நிதி நிறுவனம். அந்நிறுவனம் பணத்தைப் பள்ளிக்குச் செலுத்திவிடுகிறது. பாடம் சரியில்லை என்று மாணவன் மூன்றாம் மாதம் விலகினாலும், பள்ளியே மூடிவிட்டாலும், கடன் அவன் பெயரில் நிற்கும். தவணை தவறினால் அவனுடைய கடன் வரலாற்றில் கறை படியும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். எனவே கையொப்பமிடுமுன் ரிசர்வ் வங்கியின் விதிப்படி கடன் தருபவர் வழங்கவேண்டிய 'முக்கிய விவரத் தாளை'க் கேட்டுப் பெறவேண்டும். உண்மையான ஆண்டு வட்டி விகிதம், எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த மொத்தச் செலவு ஆகியன அதில் இருக்கும். 'வட்டியில்லாத் தவணை' என்று சொல்லப்படுமிடத்து, ஒரே தொகையாகக் கட்டினால் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வட்டி. மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் இணையவழிக் கல்வி நிறுவனங்களைப் பற்றி விடுத்த அறிவுரையில், வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகக் கழிக்கப்படும் ஏற்பாட்டைத் தவிர்க்குமாறு கூறியதையும் நினைவிற் கொள்ளலாம்.

நம் இளைஞரின் கணக்கையே எழுதிப் பார்த்தோம். 18 சதவீதச் சரக்கு சேவை வரியும் உட்படக் கட்டணம் 3 இலட்சம் என்று கொள்வோம். 14 சதவீத ஆண்டு வட்டியில் 24 மாதத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 14,400 ரூபாய். மொத்தம் சுமார் 3,45,700. அவர் ஆறு மாதம் படித்து, பின் மூன்று மாதம் வேலை தேடுவதாகக் கொண்டால், இழக்கும் சம்பளம் 9 மாதத்திற்கு 2,52,000. ஆகப் படிப்பின் உண்மை விலை மூன்று இலட்சம் அன்று, ஆறு இலட்சம். விளம்பரத் தாளில் ஒரு பாதியே அச்சிடப்பட்டிருக்கிறது. புதிய வேலையில் 50,000 ரூபாய் கிடைத்தால், கூடுதலாக வரும் 22,000-ஐக் கொண்டு இரண்டேகால் ஆண்டில் போட்டதை எடுத்துவிடலாம். 35,000-தான் கிடைத்தால் ஏழாண்டுகள் ஆகும். அவ்வேழாண்டில் பழைய வேலையிலேயே வந்திருக்கக்கூடிய ஊதிய உயர்வு இக்கணக்கில் சேரவில்லை. வேலையே கிடைக்காமற் போனால், பழைய சம்பளத்தில் பாதிக்கும் மேலான தொகையை மாதந்தோறும் கட்டவேண்டியிருக்கும். இம்மூன்று நிலைகளையும் ஒரே தாளில் எழுதியபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "தங்கையின் கல்லூரிக் கட்டணம் ஜூலையில் வருகிறது" என்றார். அதுவும் அத்தாளில் எழுதப்பட்டது.

வேலை கிடைக்கும் வாய்ப்பு எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். இத்தொழிலில் ஏற்றமும் இறக்கமும் அலைபோல் வருவன. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணிப்பொறிகளில் தேதிக் குழப்பம் ஏற்படும் என்ற அச்சத்தால், அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் 'கோபால்' என்னும் பழைய நிரல்மொழி கற்றவர்க்குப் பெருந்தேவை உண்டாயிற்று. ஆண்டு பிறந்தது, அத்தேவை தேய்ந்தது. இப்போது வந்திருப்பது வேறுவகை மாற்றம். 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்தபின், எளிய நிரல்களை இயந்திரமே எழுதித் தரத் தொடங்கிவிட்டது. பூட்கேம்ப் பயின்ற புதியவருக்கு நிறுவனங்கள் முன்பு கொடுத்த முதற்பணிகள் இத்தகைய எளிய நிரல்களே. ஏணியின் கீழ்ப்படி தேய்ந்திருக்கிறது என்பதை மறைப்பதில் பயனில்லை.

அதற்காக இக்கலை பயனற்றுப் போயிற்று என்று முடிவு செய்வதும் தவறு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதனை நேரில் காண்கிறோம். இன்று ஒரு சுற்றறிக்கையின் தமிழ் வடிவத்தை இயந்திரம் ஒரு நொடியில் தந்துவிடுகிறது. அதில் பத்து வாக்கியங்கள் செவ்வனே இருக்கும். பதினோராவது வாக்கியத்தில் 'அல்லது' என்பது 'மற்றும்' என்று மாறி, ஓய்வூதியம் பெறும் உரிமையே ஒருவருக்கு இல்லாமற் போகும். அந்தப் பதினோராவது வாக்கியத்தைக் கண்டுபிடிப்பவருக்கே இப்போது மதிப்பு. நிரலிலும் அவ்வாறே. எழுதுபவரைவிட, எழுதப்பட்டது சரியா என்று அறியக்கூடியவர் வேண்டப்படுகிறார். அவ்வறிவு அடிப்படையிலிருந்து வருவது. ஆறு மாத அவசரத்தில் முழுதும் வந்துவிடாது.

அப்படியானால் பூட்கேம்ப் தருவதுதான் யாது? நியாயமாகச் சொன்னால், அது சில நல்ல பொருள்களைத் தருகிறது. ஒழுங்கான கால அட்டவணை. ஒரே நோக்குடைய தோழர்கள். பிழையைச் சுட்டிக்காட்டும் ஆசிரியர். நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி. தனியே படித்தால் பத்தாம் நாள் சோர்ந்துவிடுபவர்க்கு இவை பெருந்துணை. ஆனால் அங்குக் கற்பிக்கப்படும் அறிவு மறைபொருள் அன்று; பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. மாணவன் விலைகொடுத்து வாங்குவது அறிவை அன்று, கட்டுப்பாட்டை. அக்கட்டுப்பாடு தமக்கு எவ்வளவு தேவை என்பதை ஒவ்வொருவரும் சேருமுன் சோதித்து அறியலாம்.

வேறு வழிகளையும் அறிந்திருத்தல் நலம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய 'என்.பி.டி.இ.எல்.' திட்டத்தில் நிரலாக்கப் பாடங்கள் இலவசம். பல பாடங்களின் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் சிறு கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்தில் நேரில் எழுதுகின்றனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2021 முதல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பை நடத்திவருகிறது. அதற்கு ஜே.இ.இ. தேர்வு வேண்டாம், நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம், இடையில் நிறுத்தினாலும் அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமா என்று முடித்த அளவுக்குப் பட்டயம் உண்டு, வேலையை விடாமலே படிக்கலாம். மத்திய அரசின் கீழுள்ள தேசிய மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் 'ஓ' நிலை, 'ஏ' நிலைத் தேர்வுகளை நடத்துகிறது. அதன் கொல்கத்தா மையம் ஜாதவ்பூர் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. பொறியியல் முதலிய துறைப் பட்டதாரிகளுக்குச் சி-டாக் நிறுவனத்தின் ஏறத்தாழ ஆறு மாத டிப்ளமா உண்டு. நுழைவுத் தேர்வு எழுதியே சேரவேண்டும். தமிழ்நாட்டில் 'ஸோஹோ' நிறுவனம் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞரை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றிவருகிறது. அங்கே நட்டம் யாருடையது என்ற கேள்விக்கு விடை தெளிவானது. அரசு நிறுவனத் தேர்வுகளில் தேர்வு வைப்பவர் யார் என்ற கேள்விக்கு விடை தெளிவானது. பூட்கேம்பில் இரண்டுக்கும் விடை தேடவேண்டியிருக்கிறது.

எனவே நாம் அவ்விளைஞருக்குச் சேர் என்றும் சொல்லவில்லை. சேராதே என்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் தள்ளிப்போடச் சொன்னோம். வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம், பன்னிரண்டு வாரம். ஆகத் தொண்ணூறு மணி நேரம். இலவசப் பாடம் ஒன்றைக் கொண்டு பைத்தான் மொழியின் அடிப்படையைக் கற்கவேண்டும். பயிற்சிக்கு வெளியிலிருந்து கணக்கு எதுவும் தேடவேண்டாம். அலுவலகத்தில் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கையும் பேரேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு இரண்டு நாள் ஆகிறதல்லவா? அதனைச் செய்யும் ஒரு நிரலை அவரே எழுதவேண்டும். பயிற்சிக்கு மெய்யான கணக்கேடு வேண்டாம். பெயரும் தொகையும் மாற்றிய மாதிரிக் கணக்கே போதும்.

இச்சோதனை மூன்று செய்திகளைத் தெரிவிக்கும். முதலாவது, விருப்பம். நிரல் எழுதும் வேலையில் பெரும்பொழுது பிழை தேடுவதிலேயே கழியும். ஒரு பிழையோடு ஒரு மணி நேரம் போராடிய பின் மறுநாளும் அமர மனம் வருகிறதா என்பதை எந்த விற்பனையாளரும் சொல்ல இயலாது. இரண்டாவது, தேவை. தொண்ணூறு மணி நேரத்தைத் தாமே முடித்தவர்க்குப் பூட்கேம்பின் கட்டுப்பாடு அவ்வளவாக வேண்டுவதில்லை. பாதியில் நின்றவர், துணை கிடைத்திருந்தால் முடித்திருப்போமா, அல்லது பிடிக்காமலே நின்றோமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளலாம். மூன்றாவது, திசை. கணக்கியல் அறிந்தவர் அதனை எறிந்துவிட்டு, பொறியியல் பட்டதாரிகளோடு தொடக்கப் படியில் போட்டியிடுவதைவிட, கணக்கியலோடு நிரலையும் தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல்.-ஐயும் சேர்த்துக்கொண்டால் அவரைப் போன்றவர் எத்தனை பேர்? உள்ள தொழிலை உயர்த்துவதற்கும் நிரல் உதவும். தொழிலை மாற்றுவதற்கு மட்டும் அன்று.

மூன்று மாதம் கழிந்தும் சேரவே விரும்பினால், பள்ளியிடம் கேட்கவேண்டியவை சில. சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, ஆறு மாதத்திற்குள் முழுநேர வேலை பெற்றவர் எத்தனை? சம்பளத்தின் சராசரி வேண்டாம். நடுவிலிருப்பவரின் சம்பளம் எவ்வளவு? ஏனெனில் ஒருவர் முப்பது இலட்சம் வாங்கினால் சராசரி ஏறிவிடும். வணிகவியல் பட்டதாரிகள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? நிறுவனங்கள் பல பொறியியல் பட்டத்தையும் குறிப்பிட்ட மதிப்பெண்ணையும் இன்னமும் கேட்கின்றன என்பதால் இக்கேள்வி இன்றியமையாதது. விலகினால் எவ்வளவு பணம், எத்தனை நாளுக்குள் திரும்பும்? விடைகளை எழுத்தில் பெறவேண்டும். பள்ளி அறிமுகம் செய்யும் பழைய மாணவரிடம் மட்டுமன்றி, நாமே தேடிக் கண்ட இருவரிடமும், முடிக்காமல் விலகிய ஒருவரிடமும் பேசவேண்டும். 'இன்றே கடைசி நாள்' என்று அவசரப்படுத்தும் இடத்தில் அன்று கையொப்பமிடாமலிருப்பதே நல்லது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பயிற்சி நிலையங்கள் தேர்ச்சி விகிதம், வேலை உறுதி முதலியன பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. ஏமாற்றப்பட்டதாகக் கருதுவோர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். எழுத்தில் பெற்ற விடைகள் அப்போது கைகொடுக்கும்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. சொந்த ஊரில் ஒரு வருடம் வருமானமின்றி இருப்பவருக்குப் பாட்டன் வீட்டுத் திண்ணையாவது இருக்கும். இங்கே மாதம் பிறந்தால் வாடகை. ஊரிலிருந்து உறவினர் தொலைபேசியில், "பையன் ஐ.டி.யில் இருக்கிறானா?" என்று கேட்பதற்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதற்காகவும் சில பெற்றோர் நகையை அடகு வைக்க முன்வருகின்றனர். அந்தப் பெருமைக்கு விலை ஆறு இலட்சம் ஆகலாம். ஆகவே இம்முடிவை இளைஞர் தம் அறையில் தனியே எடுக்காமல், அத்தாளை வீட்டார் அனைவர் முன்னும் வைத்து எடுப்பது நலம். தந்தையாரின் அனுபவமும் தாயாரின் சிக்கனமும் அங்கே ஆசிரியர்களாகும்.

அவ்விளைஞர் இப்போது ஏழாவது வாரத்தில் இருக்கிறார். முதல் மூன்று வாரமும் நிரல் பிழையாகவே வந்ததாம். சென்ற வாரம் மாதிரிக் கணக்கில் விடுபட்ட இரண்டு காசோலைகளை அது தானே எடுத்துக்காட்டியது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். வேலையை விடவில்லை, பயிற்சியில் சேர்வதா என்பதையும் இன்னும் முடிவு செய்யவில்லை. விற்பனையாளர் இப்போதும் அழைக்கிறாராம்; அன்று இரவோடு முடிந்துவிடும் என்ற சலுகை இன்னும் முடியவில்லையாம். கரியாஹாட்டில் புடவை வாங்கும் அவர் தாயார் இதைக் கேட்டுச் சிரித்தார். நான்கடி நடந்தால் கடைக்காரர் கூப்பிடுவார் என்பது அவருக்குத் தெரியும்.